ஒரே அறையில் ஐந்து வகுப்பு

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். தொடக்கப் பள்ளி என்றால் ஒன்று முதல் ஐந்து வரை. எப்படிப் பங்கு போட்டாலும் ஒருவருக்கு இரண்டு வகுப்பு, இன்னொருவருக்கு மூன்று. அவர்களில் ஒருவர் பயிற்சிக்குப் போனாலோ, விடுப்பு எடுத்தாலோ, தேர்தல் வேலைக்குக் கூப்பிடப்பட்டாலோ மற்றவர் தலையில் ஐந்தும் விழும். அதாவது ஓர் அறையில் பல வகுப்புகள் என்பது எங்கோ நடக்கும் கோளாறு அல்ல. சட்டத்தின் கணக்கிலேயே அது இருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையை ஒட்டி மலையேறினால் இந்தக் கணக்கு ஏன் தவிர்க்க முடியாதது என்பது தெரியும். கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே சின்னக் கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி; தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி. கள்ளக்குறிச்சி மாவட்டமும் சேலம் மாவட்டமும் இதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. வெள்ளிமலை இந்தப் பக்கம், கருமந்துறை அந்தப் பக்கம். மரவள்ளிக் காடும் சாமைக் காடுமாக விரியும் சரிவுகளில் இங்கே பத்து வீடு, ஓடை தாண்டி அங்கே இருபது வீடு என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. சிதறிய ஊர்களுக்கு நடுவே அந்த விதியைக் காப்பாற்றினால் இருபது, முப்பது பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளிகள்தான் கிடைக்கும். பள்ளிகளை ஒன்றாக இணைத்துப் பெரிதாக்கினால் ஆறு வயதுப் பிள்ளை காட்டு வழியில் நடக்க வேண்டியிருக்கும்.

இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர், மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. பேசுவது தமிழ். வீட்டு மொழி ஒன்று, பாடப்புத்தக மொழி வேறொன்று என்ற சிக்கல் மற்றப் பல பழங்குடிப் பகுதிகளைப் போல இங்கே பெரிதாக இல்லை. ஆனால் அரசாங்கம் இங்கே வந்ததே தாமதம். விஜயநகர காலத்தில் மானியமாகக் கிடைத்தவை என்று சொல்லப்படும் ஜாகீர்களாக இருந்த இந்த மலை, 1976இல்தான் முழுதாக அரசின் கைக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து. கீழே கள்ளக்குறிச்சியில் பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் மேலே தாத்தாவின் தலைமுறைக்கே பள்ளி புதிது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரிடையே 54. அந்த இடைவெளியின் ஒரு பகுதி இந்தக் கால வேறுபாடுதான்.

ஐந்து வகுப்பும் ஓர் அறையில் என்றதும் நமக்கு முதலில் வருவது பரிதாபம். வசதியில்லாத இடம், ஆள் பற்றாக்குறை, வேறு வழியில்லை என்று தோன்றும். எனக்குத் தோன்றுவது வேறு. ஒரே வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைத்து, ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் புரட்டச் சொல்லும் ஏற்பாடுதான் விநோதமானது. கல்வியின் நீண்ட வரலாற்றில் அது நேற்று வந்தது.

நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற ஒன்றே கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளை மணலில் விரலால் 'அ' எழுதிக்கொண்டிருக்கும். பக்கத்தில் எட்டு வயதுப் பையன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். திண்ணையின் அந்தக் கோடியில் பன்னிரண்டு வயதுப் பையன் எண்சுவடியில் முந்திரி வாய்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அரைக்காணி 160இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. இன்றைய எட்டாம் வகுப்பு மாணவன் பின்னத்தைக் கண்டு மிரள்கிறானே, அந்தக் காலத்துப் பிள்ளைகள் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் வாய்பாட்டையே மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அது வேண்டியிருந்தது. இந்த எண்சுவடிக் கல்வியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்து 2022இல் நூலாக்கியிருக்கிறார்.

வாத்தியார் ஒருவர்தான். அவருக்குக் கைகொடுப்பவன் சட்டாம்பிள்ளை. கொஞ்சம் மூத்த மாணவன். தான் தாண்டி வந்த பாடத்தைப் பின்னால் வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். எத்தனை பேர் இருந்தாலும் யார் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒருவன் நிகண்டுக்குப் போனால் போகட்டும், இன்னொருவன் ஆத்திசூடியிலேயே இருந்தால் இருக்கட்டும். அறுவடைக்கு ஒரு மாதம் வராமல் போனவன் திரும்பி வந்தால் விட்ட ஓலையிலிருந்து தொடங்குவான்.

இதைப் பொற்காலம் என்று தூக்கி வைக்கவும் வேண்டாம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். கள்ளக்குறிச்சி அப்போது சேர்ந்திருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும் ஆட்சியர் விவரம் அனுப்பினார். 1826இல் மன்றோ தொகுத்துச் சொன்னபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்தார்கள். ஊருக்கு ஊர் பள்ளி இருந்திருக்கிறது என்று வியக்கலாம். ஆனால் அத்தனை பேரில் பெண்பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. உள்ளே இடம் கிடைத்தவனுக்கும் பிரம்படியும் கோதண்டமும் உண்டு. உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்தபடி பிள்ளை அந்தரத்தில் ஆட வேண்டும், அதுதான் கோதண்டம்.

இந்தத் திண்ணையிலிருந்து ஒரு யோசனை கப்பலேறிய கதை நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஆசிரியர் போதவில்லை, இருந்தவர்களும் அலுத்துச் சலித்தவர்கள். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். பெல் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அகரவரிசை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார். பையன் செய்து காட்டினான். பிறகு பள்ளி முழுவதும் பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1797இல் பெல் லண்டனில் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனின் சவுத்வார்க் பகுதியில் இதே போன்ற பள்ளியைத் தொடங்கினார். யார் முதலில் கண்டுபிடித்தார் என்று இருவரின் ஆதரவாளர்களும் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். கண்டுபிடித்தவர் யாரோ ஒரு தமிழ்நாட்டு வாத்தியார் என்பது சண்டையில் இரு தரப்புக்கும் நினைவில்லை. தொழிற்புரட்சியின் நகரங்களில் ஏழைப் பிள்ளைகள் குவிந்துகொண்டிருந்த காலம் அது. ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லாத நாட்டுக்குப் பெல்லின் இந்த 'மெட்ராஸ் முறை' வரமாகப்பட்டது. 1832இல் பெல் இறந்தபோது ஏறத்தாழ 12,000 பள்ளிகளில் அந்த முறை நடந்துகொண்டிருந்தது. அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ். கடற்கரைக் குளிரில் நடுங்கியபடி அங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எழும்பூர் மணல் பற்றித் தெரியுமோ!

லண்டனில் அது இன்னொன்றாக மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்தலாம் என்று லங்காஸ்டர் பெருமையடித்தார். விசில், மணி, கட்டளை, வரிசை என்று பள்ளி ஒரு பட்டாளமானது. குறும்பு செய்த பிள்ளையைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் அவருடைய தண்டனைகளில் ஒன்று. கோதண்டம் எந்தக் கப்பலில் போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தப் பட்டாளத்திலிருந்துதான் இன்றைய வகுப்பு முளைத்தது. பிரஷ்யாவில் வயது வாரியாகப் பிரித்த பள்ளிகளை ஹொரேஸ் மான் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1843இல் பார்த்துவிட்டு நாடு திரும்பி அதைப் பரப்பினார். 1848இல் பாஸ்டனில் குவின்சி பள்ளி திறக்கப்பட்டது. பன்னிரண்டு தனி அறைகள், அறைக்கு ஓர் ஆசிரியர், அறைக்கு ஒரு படிநிலை. இங்கிலாந்து 1862இல் ஆறு படித்தரங்களை வகுத்து, ஆய்வாளர் வந்து தேர்வு வைத்து, தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் கொடுத்தது. அதே பாணி மானியம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணை வாத்தியாருக்கு மானியம் வேண்டுமென்றால் பிள்ளைகளைத் தரம் பிரித்து ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைமுறைக்குள் ஊர்த் திண்ணை ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று உடைந்தது.

தொழிற்சாலைக்கு இது பொருத்தமாக இருந்திருக்கும். ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் நகரத்துப் பள்ளிக்கும் ஓரளவு பொருந்தும். இருபது பிள்ளைகள் உள்ள மலைப் பள்ளிக்கு இதைப் போர்த்திவிட்டால் என்ன ஆகும்? பள்ளி நேரம் ஐந்து மணி, வகுப்பு ஐந்து, ஆசிரியர் ஒருவர். வகுப்புக்கு ஒரு மணி நேரம். நான்கு பாடம் என்றால் பாடத்துக்குப் பதினைந்து நிமிடம். மற்ற நான்கு மணி நேரமும் அந்த வகுப்புப் பிள்ளைகள் 'எழுதிப் போட்டதைப் பார்த்து எழுது' என்பதில் கிடக்கும். ஐந்து வகுப்பு ஓர் அறையில் இருப்பது தானாகச் சிக்கலாவதில்லை. ஐந்து தனித்தனிப் பள்ளிகளை ஓர் அறையில் நடத்த முயல்வதுதான் சிக்கல்.

ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளியில் பத்மநாப ராவ், ராமா என்ற தம்பதி 1980களின் பிற்பகுதியில் இந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார்கள். சுற்றியிருந்த சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள். அவர்கள் பாடப்புத்தகத்தைப் பிரித்துத் துண்டு துண்டாக்கி அட்டைகளில் எழுதினார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சிறு வேலை. அட்டைகளை ஓர் ஏணியாக அடுக்கினார்கள். பிள்ளை தன் அட்டையை முடித்ததும் அடுத்த படிக்கு ஏறலாம். எந்த வயது, எந்த வகுப்பு என்பதைப் பற்றி ஏணி கேட்காது. இதே காலத்துக்குச் சற்று முன்பு, 1970களின் நடுவில், கொலம்பியாவின் கிராமங்களுக்காக விக்கி கோல்பெர்ட்டும் தோழர்களும் 'புதிய பள்ளி' என்ற பெயரில் ஏறத்தாழ இதையே செய்தார்கள். இரண்டும் கிராமத்துச் சிறு பள்ளிகளுக்காகப் பிறந்தவை என்பதில் வியப்பில்லை.

ரிஷிவேலி ஏணி தமிழ்நாட்டுக்கு வந்தது எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் வழியாக. வேலூரில் ஆட்சியராக இருந்தபோது, தொழிலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளில் அவர் இதைச் செய்து பார்த்தார். அந்தப் பிள்ளைகளும் மலைப் பிள்ளைகளைப் போலத்தான்: வயது பத்து, எழுத்து இன்னும் ஒன்றாம் வகுப்பு. பிறகு சென்னை மாநகராட்சி ஆணையராக வந்து 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-08இல் மாநிலத்தின் ஏறத்தாழ 37,500 பள்ளிகளுக்கும் அது விரிந்தது. செயல்வழிக் கற்றல் என்று பெயர். ஆசிரியர்கள் வாயில் இன்றும் ஏ.பி.எல்.

அந்த வகுப்பறையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. நாற்காலி, மேசை இல்லை. பாய் விரித்து ஆசிரியரும் பிள்ளைகளும் தரையில். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வந்ததும் பிள்ளை தன் வருகையைத் தானே பதிந்துகொள்ளும். அன்றைக்கு வெயிலா மழையா என்று அட்டவணையில் குறிக்கும். ஏணியில் தன் இடத்தைத் தேடும். அட்டையில் ஒரு சின்னப் படம் இருக்கும். ஆசிரியர்கள் அதை லோகோ என்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்துத் தட்டிலிருந்து தன் அட்டையை எடுத்துக்கொண்டு, அதே படம் காட்டும் குழுவில் போய் உட்காரும்.

குழுக்கள் ஆறு. சூட்சுமம் அங்கேதான். முதல் குழுவுக்கு ஆசிரியரின் முழுத் துணை வேண்டும்; புதிய பாடம் தொடங்குபவர்கள். இரண்டாவதற்குப் பாதித் துணை. மூன்றாவது, நான்காவது குழுக்களுக்குச் சக மாணவர் துணை, முழுதாகவோ பாதியாகவோ. மற்ற இரண்டில் தானாகச் செய்யும் பயிற்சியும் மதிப்பீடும். ஒரு நாளில் பிள்ளை இந்தக் குழுக்களுக்கு இடையே நகர்ந்துகொண்டே இருக்கும்.

குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு நாற்பது குடமும் ஒன்றாக வந்தால் சண்டை. அதே நாற்பது குடம் நாள் முழுவதும் ஒவ்வொன்றாக வந்தால் ஒரே குழாய் போதும், யாரும் காத்திருக்க வேண்டாம். குழாயின் நீரும் மாறவில்லை, குடத்தின் எண்ணிக்கையும் மாறவில்லை. வரும் நேரம்தான் மாறியது. வழக்கமான வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் புதிய பாடம் ஒரே நிமிடத்தில் தொடங்குகிறது, முப்பது சந்தேகமும் ஒரே நிமிடத்தில் எழுகிறது, ஆசிரியர் ஒருவர். ஏணியில் முப்பது பேரும் முப்பது இடத்தில் நிற்பதால், எந்த நேரத்திலும் புதிய பாடம் தொடங்குபவர் நான்கைந்து பேர்தான். அவர்களோடு ஆசிரியர் நிம்மதியாக உட்காரலாம். வயதும் திறனும் கலந்து கிடப்பது இங்கே தொந்தரவு அல்ல, வசதி. எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் இந்த ஏற்பாடு நடக்கவே நடக்காது.

மலைக்கு இதில் இன்னொரு நன்மை. கூலி வேலைக்காகக் குடும்பத்தோடு கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ சில மாதம் போய்வரும் வீடுகள் இங்கே நிறைய. வழக்கமான வகுப்பில், போய் வந்த பிள்ளை நுழையும்போது பாடம் நாற்பது பக்கம் தாண்டியிருக்கும். கூட்டல் தெரியாமல் பெருக்கலில் உட்கார்ந்தால் அந்த ஆண்டு போயிற்று; பெரும்பாலும் பள்ளியும் போயிற்று. ஏணி நகர்வதில்லை, பிள்ளைதான் நகர்கிறது. விட்ட அட்டை அதே தட்டில் இருக்கும். திண்ணையில் விட்ட ஓலையைப் போல.

இது நடக்கும் என்று சொல்ல நெஞ்சின் நம்பிக்கை மட்டும் போதாது. கற்றலைப் பற்றிய ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மணலிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைக் கையால் தாமே எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் இழைத்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, படிப்பில் ஈடுபடும் பகுதிகள் தாமே எழுதிய எழுத்துகளுக்குத்தான் விழித்தன. கை கோணலாகப் போட்ட எழுத்தைக் கண் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. அச்சு மாதிரி இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருவதே காரணமாக இருக்கலாம் என்கிறார் அவர். மணல் செலவில்லாத பலகை என்று பெல் நினைத்தார். மணல் அதற்கும் மேலே ஏதோ செய்திருக்கிறது.

அடுத்து சட்டாம்பிள்ளை. 2014இல் ஜான் நெஸ்டோய்கோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, பாதிப் பேரிடம் 'பிறகு தேர்வு இருக்கிறது' என்றும் மற்றவர்களிடம் 'பிறகு இதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்' என்றும் சொன்னார்கள். உண்மையில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தேர்வுதான். சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள், முக்கியமானவற்றை ஒழுங்காகவும் வைத்திருந்தார்கள். நாலாம் வகுப்புப் பெண் இரண்டாம் வகுப்புத் தம்பிக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது தன் படிப்பைத் தியாகம் செய்யவில்லை. அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒப்பித்தலுக்கும் ஒரு நியாயம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் செய்த சோதனையில் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவு வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 56. அட்டை ஏணியில் ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பீட்டு அட்டை வருவதன் பயன் இதுதான். பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது தேர்வு மட்டுமல்ல. படிப்பதில் அதுவும் ஒரு பகுதி.

இனி நடைமுறைக்கு வருவோம். மும்பையிலும் வதோதராவிலும், பின்னர் வட மாநிலங்களிலும், பிள்ளைகளை வயதுப்படி அல்லாமல் அன்றைக்கு என்ன தெரியும் என்பதன்படி குழுவாக்கிச் சொல்லிக்கொடுத்த முயற்சிகளை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் அளந்தார்கள். பின்தங்கியிருந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். கென்யாவில் 121 பள்ளிகளில் ஏறத்தாழப் பாதியில் முதல் வகுப்பைத் திறன்படி இரண்டாகப் பிரித்து மற்றவற்றோடு ஒப்பிட்டபோது, மேலே இருந்தவர்கள் மட்டுமல்ல, கீழே இருந்தவர்களும் கூடுதலாகக் கற்றார்கள். ஆசிரியர் யாருக்குப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினார் என்பதே விளக்கம். பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வரிசை ஆய்வுகளுக்கும் பங்குண்டு.

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் இன்று அந்தப் பாய்களும் பந்தலும் ஏன் மங்கிப்போயின? முதலாவது வேகம். ரிஷிவேலியில் ஆசிரியர்கள் தாங்களே அட்டை எழுதினார்கள். அதனால் ஒவ்வோர் அட்டையும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். 37,500 பள்ளிகளுக்கு அட்டை அச்சகத்திலிருந்து வந்தது. கிழிந்தால் மாற்று வரத் தாமதம். தட்டில் ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியில் பிள்ளைகள் தேங்குவார்கள். பெற்றோருக்கும் மனத்தாங்கல்: புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, வாத்தியார் பாடமே நடத்தவில்லை, பிள்ளைகளே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மெட்ரிக் பள்ளி வேன் கச்சிராயபாளையம் தெருவில் நிற்கும்போது, டை கட்டிய பிள்ளையைப் பார்க்கும் கண்ணுக்குப் பாயில் உட்கார்ந்த பிள்ளை ஏழையாகத்தான் தெரியும். இன்னொரு நெருடல்: பல வகுப்புக்கு ஓர் ஆசிரியர் போதும் என்று முறை நிரூபித்துவிட்டால், காலிப் பணியிடத்தை நிரப்ப அவசரம் ஏன் என்று மேலே ஒருவர் யோசிப்பார். பெல்லின் காலத்தில் நடந்ததும் அதுதான். சட்டாம்பிள்ளை ஆசிரியருக்குத் துணை. ஆசிரியருக்குப் பதில் அல்ல.

2012-13இல் முப்பருவப் புத்தகங்கள் வந்தன. ஏணி கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தகத்துக்கு வழிவிட்டது. பிறகு கொரோனா. பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்து திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எழுத்து மறந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே வகுப்பு என்ற திரை விலகி, உள்ளே எத்தனை படிகள் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரிந்தது. நகரத்துக்கும் மலைக்கும் அதில் வேறுபாடு இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது; அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. ஆறு குழு மூன்றாகிவிட்டது, அட்டை பயிற்சி நூலாகிவிட்டது. ஆனால் அடிப்படைக் கேள்வி திரும்ப வந்துவிட்டது: இந்தப் பிள்ளைக்கு வயது என்ன என்பதல்ல, இன்றைக்கு இதற்கு என்ன தெரியும்?

இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை வாத்தியாராவது ஐந்தாம் வகுப்பு வரை அழகு. பதினோராம் வகுப்பு இயற்பியலுக்கு இயற்பியல் படித்த ஆசிரியர்தான் வேண்டும், ஆய்வகம் வேண்டும். அதற்காகத்தான் மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகள். பல இடங்களில் தலைமை ஆசிரியரே விடுதிக் காப்பாளரும். 2025இல் கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் வென்று சென்னை ஐ.ஐ.டி.க்கு இடம் பெற்றபோது நாளிதழ்கள் கொண்டாடின. 1976க்கும் 2025க்கும் இடையே அரை நூற்றாண்டுகூட முழுதாக இல்லை.

வெள்ளிமலையில் ஒன்றிய அரசுத் திட்டத்தின் கீழ் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. 1997-98இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட இந்தப் பள்ளிகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை 480 பேருக்கென்று திட்டமிடப்பட்டவை. ஆறாம் வகுப்புக்கு 60 இடம். சுற்றுவட்டாரத்தின் இருபது பிள்ளைப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள் இங்கே முதன்முறையாகத் தங்கள் வயதுக்காரர்கள் மட்டுமே உள்ள அறைக்குள் நுழைகிறார்கள். ஒருத்தி தசமம் வரை வந்திருப்பாள், ஒருவன் வகுத்தலில் நிற்பான். எல்லோர் கையிலும் ஒரே ஆறாம் வகுப்புப் புத்தகம். இந்த மாற்றத்தின் முதல் சில வாரங்கள்தான் மலைப் பிள்ளைகளின் படிப்பில் மிகவும் வழுக்கலான இடம் என்று நினைக்கிறேன். ஐந்து ஆண்டு இவர்களோடு பாயில் உட்கார்ந்த ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியும். பிள்ளை கையில் கொடுத்தனுப்பும் மாற்றுச் சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, சாதி, உடலில் உள்ள அடையாளம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அதற்கு மட்டும் கட்டம் இல்லை.